ஒருசந்தி ரத்தம்

செத்தவன் கண்ணு செந்தாமரைக் கண்ணுன்னு சொல்லுவாங்க. ராயப்பனுக்கு மட்டும் அந்தக் குடுப்பினை இல்லாமப் போச்சு. கோச்சடையில அவரு வீட்டு வாசல்ல சாமியானா போட்டு, பெட்டியில அவரைக் கெடத்தியிருந்த அன்னைக்கே வசவு ஆரம்பிச்சிருச்சு. ஆரம்பிச்சு வச்சது கூடப் பெறந்த அக்கா ஆனிமேரிதான். "டாக்டர் குடுத்த மாத்திரைய நிறுத்திட்டுக் கறியத் தின்னியேடா பாவி. நாக்கை அடக்கத் தெரியாம எஸ்தரை இப்படி ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டியேடா"ன்னு மாருல அடிச்சுக்கிட்டு அழுதா. மாலையோட வந்த சனம் பூரா எஸ்தர் கையைப் பிடிச்சுக்கிட்டு, "டீச்சர், நீங்க என்ன பண்ணுவீங்க, எம்புட்டுத்தான் சொல்லுவீங்க, ஆம்பளைக கேட்டாத்தான"ன்னு ஆறுதல் சொல்லிட்டுப் போச்சு. எஸ்தர் குனிஞ்ச தலை நிமிராம உக்காந்திருந்தா. புருசன் செத்த துக்கம்னு எல்லாரும் நெனச்சுக்கிட்டாங்க.

உள்ளபடிக்கு, மாத்திரையை நிறுத்தச் சொன்னதே எஸ்தர்தான். அது அவளுக்குத் தெரியும், பெட்டிக்குள்ள கெடந்த மனுசனுக்குத் தெரியும். மூணாவது ஆளுக்குத் தெரியாது.

ஆனிமேரி வசவையெல்லாம் பொறுத்துக்கலாம், அது வாய் ஓய்ஞ்சா அடங்கிரும். மக ஜெஸி கோவந்தான் அடங்குற கோவமாத் தெரியல. ஒத்தப் பிள்ளை, பெங்களூர்ல வேலை, அப்பான்னா உசுரு. அந்தப் பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. "நம்மளை ஒரு நிமிசம் நெனச்சுப் பாத்திருந்தாருன்னா அந்த மாத்திரைய முழுங்கியிருப்பாரும்மா. நம்மளை விட அவருக்குக் கறி பெருசாப் போச்சு"ன்னு சொல்லிட்டுச் செவுத்தோரமாப் போயி நின்னுக்கிச்சு. கல்லறையில பெட்டியை எறக்கி, ஆளுக்கொரு பிடி மண்ணு போடுறப்ப, ஜெஸி கையைக் கட்டிக்கிட்டு நின்னா. பெத்த அப்பனுக்கு ஒரு பிடி மண்ணு போடல. எஸ்தர் பக்கத்துலதான் நின்னா. ஒரு வார்த்தை, 'நான்தாண்டி நிறுத்தச் சொன்னேன்'ங்கிற ஒரே வார்த்தை சொல்லியிருந்தாப் போதும், அந்தக் கை நீண்டிருக்கும். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டா.

கதையைக் கேட்டா நீங்களும் தலையில அடிச்சுக்குவீங்க. எஸ்தரும் ராயப்பனும் ஒரே மிஷன் ஸ்கூல்ல வேலை பாத்தவங்க. அவ பிளஸ் டூவுக்கு பயாலஜி எடுக்கிறவ, அவரு ஆபீஸ் கிளார்க். கல்யாணம் பண்ணிக்கிட்ட பெறகும் அவரு பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. வீட்டுலயும் 'டீச்சர்'தான். "டீச்சர், சட்டையை எங்க வச்சீங்க? டீச்சர், குழம்புல உப்புப் பத்தல." கேலியாத்தான் ஆரம்பிச்சது, போகப்போக அதுவே நெசமாயிருச்சு. எதுன்னாலும் டீச்சரைக் கேட்டுத்தான் செய்வாரு.

மனுசனுக்கு ரெண்டே விசயம். ஒண்ணு கறி, இன்னொண்ணு பயம். கறின்னா சும்மா இல்ல, கொழுப்புத் துண்டைத் தனியா வாங்கி, சுக்காவோட சேத்து வதக்கி, அந்த நெய் மிதக்கிற வாணலியிலயே சோத்தைப் போட்டுப் பெரட்டித் திம்பாரு. பயம் என்னன்னா, அவங்கப்பா எழுமலையில அந்தோணியார் திருவிழா அன்னைக்கு, அசனப் பந்தியில சாப்பிட்டுக் கைகழுவ எந்திரிச்சவரு, நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே சாஞ்சுட்டாரு. ஐம்பதைத் தாண்டிச் சித்தநாள்தான் ஆகியிருந்துச்சு. அதனால ராயப்பனுக்கு ஐம்பது நெருங்க நெருங்க அந்தப் பயம் கூடிக்கிட்டே போச்சு. "டீச்சர், அப்பன் வயசை நான் தாண்டிருவேனா?"ன்னு பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் கேப்பாரு. "எரநூறு வயசு இருப்பீங்க, போயி வேலையப் பாருங்க"ம்பா எஸ்தர்.

ஒரு கிறிஸ்துமஸ் முடிஞ்ச கையோட, தலை கிறுகிறுன்னு வருதுன்னு டாக்டர்கிட்டப் போனாரு. ரத்தம் எடுத்துப் பாத்தா கெட்ட கொழுப்பு மேல மேல நிக்கிது. அப்பா போன கதையையும் கேட்ட டாக்டர், ராத்திரிக்கு ஒரு மாத்திரை எழுதி, "இது உங்க பரம்பரையிலயே இருக்கு. சாப்பாட்டையும் குறைக்கணும், மாத்திரையும் போடணும். என்னைக் கேக்காம நிறுத்தக் கூடாது"ன்னாரு. ராயப்பன் அந்த மாத்திரையை நற்கருணை வாங்குற பக்தியோட முழுங்குனாரு. ஒருநாள் கூட விட்டதில்ல. உயிர்ப்பயம் உள்ளவன் எங்கயாவது மாத்திரையை மறப்பானா?

எஸ்தருக்கு இதுல கொஞ்சம் ரோசம் வந்துருச்சு. வருசா வருசம் பிள்ளைகளுக்கு நிறைவுற்ற கொழுப்பமிலம், நிறைவுறாக் கொழுப்பமிலம்னு போர்டுல படம் போட்டு நடத்துறவ வீட்டுலயே இப்படியா? அன்னைக்கே அடுப்படியை மாத்துனா. நெய் டப்பா பரண்ல ஏறுச்சு. ரேஷன் பாமாயில் பக்கத்து வீட்டுக்குப் போச்சு. நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் எறங்குச்சு. புருசனை எதுத்தாப்புல உக்கார வச்சுப் பாடம் வேற.

"இங்க பாருங்க, ஆட்டுக்கொழுப்பும் நெய்யும் ஆறுனா ஒறையும். நல்லெண்ணெய் ஒறையுமா? ஒறையாது. மீன் எண்ணெய் ஒறையவே ஒறையாது. நம்ம ஈரல் இருக்குல்ல, அதுதான் ரத்தத்துல சுத்துற கெட்ட கொழுப்பை உள்ள இழுத்துக் கழிச்சுக் கட்டுறது. அதுக்குக் கதவு மாதிரி ஒண்ணு இருக்கு. இந்த ஒறையிற சாதி கொழுப்பைத் தின்னாக் கதவு சாத்திக்கும். கொழுப்பு பூரா ரத்தத்துலயே நின்னு சுத்தும். தின்னுறத மாத்துனா நாலஞ்சு வாரத்துல கதவு தொறந்துக்கும்."

"கதவு தொறந்து கெடந்தா நல்லதா, சாத்திக் கெடந்தா நல்லதா?"

"தொறந்து கெடக்கணும்."

"அப்ப என் ஈரலுக்குத் தாழ்ப்பாளே வேணாம் டீச்சர்"ன்னு சிரிச்சாரு.

அந்தச் சமயம் பாத்துத் தவக்காலம் வந்துச்சு. சாம்பல் புதன் அன்னைக்கு நெத்தியில சாம்பல் பூசுனதுல இருந்து, ஈஸ்டர் பூசை முடிஞ்சு மணி அடிக்கிற வரைக்கும், ராயப்பனைப் போல ஒருசந்தி பிடிக்கிற ஆளு அந்தக் கோயில் பங்குலயே கெடையாது. ஒரு நேரம்தான் சாப்பாடு. கறி இல்ல, முட்டை இல்ல, நெய் இல்ல, எண்ணெயில பொரிச்ச பலகாரம் இல்ல. சாளை மீன் வந்தாக் குழம்பு, இல்லாட்டிக் கஞ்சியும் கானப்பயறுத் துவையலும். வருசம் பூரா நாக்குக்கு அடிமையாக் கெடந்த மனுசன் அந்த ஆறேழு வாரம் மட்டும் சந்நியாசியாயிருவாரு. சின்ன வயசுல அம்மா பழக்கி விட்ட பழக்கம், அதை மீறுனா ஆண்டவருக்குச் செஞ்ச துரோகம்னு நெனைக்கிறவரு.

ஈஸ்டருக்கு முந்தி வர்ற குருத்து ஞாயித்துக்கு முந்துன வாரம் பங்கு மண்டபத்துல மருத்துவ முகாம் நடக்கும். தவக்காலத்துல கல்யாணம் காட்சி கெடையாது, மண்டபம் சும்மாத்தான் கெடக்கும், அப்ப வச்சா வசதின்னு கோயில் கமிட்டியில சொன்னதே எஸ்தர்தான். நல்ல யோசனைன்னு பங்குச் சாமியாரும் தலையாட்டிட்டாரு. ரத்தம், சுகர், பிரஷர் எல்லாம் சல்லிசாப் பாப்பாங்க. ராயப்பனும் வெறும் வயித்தோட மொத ஆளா வரிசையில நின்னு கையை நீட்டுனாரு.

ரிசல்ட்டு வந்துச்சு. எல்லாம் சரியான அளவுக்குள்ள. ராயப்பன் நம்ப மாட்டாம, "டீச்சர், பாஸா ஃபெயிலா?"ன்னு கேட்டாரு.

"டிஸ்டிங்ஷன்"னா எஸ்தர். அவளுக்குத் தரையில கால் பாவல. மண்டபத்துல இருந்தவங்க அம்புட்டுப் பேரும், "டீச்சர் கைப்பக்குவம்யா"ன்னாங்க. அது போதாதா? வீட்டுக்கு வந்ததும் சொன்னா, "இனி அந்த மாத்திரை வேணாங்க. தொடை வலிக்குதுன்னு சொல்றீங்கள்ல, அது அந்த மாத்திரை பண்ற வேலைதான். ரத்தம் எறங்கிருச்சு, இன்னும் எதுக்கு?"

ராயப்பன் யோசிச்சாரு. "டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கிறேனே."

"டாக்டருக்கென்ன, எழுதிக் குடுத்தா அவரு வேலை முடிஞ்சது. எறக்குனது என் அடுப்பா, அந்த மாத்திரையா, நீங்களே சொல்லுங்க."

"இல்ல டீச்சர், பயமா இருக்கு. போட்டுக்கிட்டே இருக்கேனே, ஒரு ஓரமா."

"பயாலஜி படிச்சது நானா நீங்களா?"

"டீச்சர் சொன்னாச் சரிதான்"னாரு. அதுக்கு மேல அவருகிட்ட எப்பவும் பேச்சு இருந்ததில்ல. ஈஸ்டர் அன்னைக்கு ராத்திரி மறுபடியும் மாத்திரை அட்டையை எடுத்துக் கையில வச்சுக்கிட்டு அவ மொகத்தைப் பாத்தாரு. அவ வாங்கிக் குப்பைக் கூடையில போட்டா. அந்தப் பார்வை இன்னைக்கும் அவளுக்குத் தூக்கத்தைக் கெடுக்குது.

அதுக்கப்புறம் நடந்ததுதான் கூத்து. தவக்காலம் பூரா அடைச்சு வச்ச கல்யாணமெல்லாம் ஈஸ்டர் முடிஞ்சதும் மடை ஒடைச்ச மாதிரி வரும். டால்டா ஊத்துன பிரியாணி, தேங்காப்பால் ஊத்துன தால்ச்சா. மே மாசம் பிள்ளைக மொத நற்கருணை வாங்குற புதுநன்மை விருந்து. ஜூன்ல எழுமலையில அந்தோணியாருக்குக் கெடா. அப்புறம் வேளாங்கண்ணி போயிட்டு வந்த வீட்டுல கறிச்சோறு. எங்க போனாலும் ராயப்பன் எலையைப் பாத்து எஸ்தர் மொறைச்சான்னா, "டிஸ்டிங்ஷன் வாங்குன பையனைப் போயி மெரட்டுறீங்களே டீச்சர்"ம்பாரு. அவளுக்கும் சிரிப்பு வந்துரும். பரண்ல கெடந்த நெய் டப்பாவும் எப்பவோ கீழ எறங்கிருச்சு. ஆசைப்பட்டுக் கேக்குற மனுசனுக்கு எம்புட்டு நாளைக்குத்தான் இல்லேங்கிறது, அதான் ரிசல்ட்டு நல்லா இருக்கேன்னு அவளும் விட்டுட்டா.

மறுவருசமும் அதே முகாம், அதே தவக்காலம், அதே கஞ்சி. இந்தத் தடவை மாத்திரை இல்லாததால கொஞ்சம் தூக்கலாத்தான் வந்துச்சு. "பார்டர்தான், ஒண்ணும் பயமில்ல"ன்னு எஸ்தர் தீர்ப்புச் சொல்லிட்டா. அடுத்த வருசமும் பார்டர். அப்பன் வயசைத் தாண்டுன அன்னைக்கு ராயப்பன் ஸ்கூல் பூரா மிட்டாய் குடுத்தாரு. "எங்க டீச்சர் தாண்ட வச்சுட்டாங்க"ன்னு ஹெட்மாஸ்டர் முன்னாடியே சொன்னாரு. எஸ்தர் வெக்கப்பட்டுக்கிட்டே ஒரு மிட்டாய் எடுத்துக்கிட்டா.

போன அக்டோபர் மாசம் அவரு தம்பி ஸ்டீவ் பைபாஸ் ரோட்டுக்குப் பக்கத்துல புதுவீடு கட்டி, சாமியாரைக் கூப்பிட்டு அதை மந்திரிச்சு விருந்து வச்சான். செல்போன் கடை வச்சிருக்கிறவன், கையில நாலு காசு பொழங்குது, பந்தி பிரமாதம். மறுநாள் காலையில பல் வெளக்கப் போன ராயப்பன், "டீச்சர், வேர்க்குது"ன்னு மட்டும் சொல்லிட்டு வாசப்படியில உக்காந்துட்டாரு. சட்டை தெப்பமா நனைஞ்சுபோச்சு. ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரி கொண்டு போறதுக்குள்ள அவருக்குக் கையும் காலும் சில்லிட்டுப் போச்சு, உசுரு மட்டும் இருந்துச்சு.

இருதய டாக்டர் ஒரு சின்ன வயசுப் பொண்ணு, ஆஷிகான்னு பேரு. படம் எடுத்துப் பாத்துட்டு எஸ்தரைத் தனியாக் கூப்பிட்டா. "மேடம், மூணு ரத்தக் குழாயும் அடைச்சிருக்கு. ஒரே நாள்ல வந்ததில்ல இது. கொலஸ்ட்ரால் பாத்ததே இல்லையா?"

"வருசா வருசம் பாப்போம் டாக்டர். நார்மல், இல்லாட்டி பார்டர்."

"எப்பப் பாப்பீங்க?"

"எங்க கோயில் முகாம்ல. தவக்காலத்துல."

"தவக்காலம்னா நோன்பு மாதிரியா? அப்ப கறி கிறி சாப்பிட மாட்டாரோ?"

"தொட மாட்டாரு."

"வேற மாசத்துல எப்பவாவது எடுத்திருக்கீங்களா?"

"இல்ல டாக்டர்"னா எஸ்தர். அந்தப் பொண்ணு அதுக்கு மேல விளக்கத் தேவையே இல்ல. நாலஞ்சு வாரத்துல கதவு தொறந்துக்கும்னு புருசனுக்குப் பாடம் எடுத்தவளே இவதான. தொறந்து கெடக்கிற நேரமாப் பாத்துப் பாத்து வருசா வருசம் போயி எட்டிப் பாத்துட்டு, ஆகா கதவு தொறந்திருக்குன்னு திரும்பி வந்திருக்கா. மிச்ச மாசம் பூரா அது சாத்தியே கெடந்திருக்கு. மொத வருசம் அம்புட்டு அழகா எறங்குனதுக்குப் பாதிக் காரணம் அந்த மாத்திரைதான்னும் அப்பத்தான் ஒறைச்சுச்சு. பத்தாங்கிளாஸ் பிள்ளைக்குத் தெரியுமே இது. பரீட்சை வைக்கிறதுன்னா சொல்லாம வைக்கணும்னு ஸ்டாஃப் ரூம்ல சட்டம் பேசுறவளுக்குத் தன் வீட்டுல தெரியாமப் போச்சே.

மக ஜெஸி பொழுது சாயுறதுக்குள்ள பெங்களூர்ல இருந்து வந்து சேந்தா. தீவிர சிகிச்சை அறைக்குள்ள ரெண்டு பேருக்கு மேல விட மாட்டாங்க. ஆனிமேரி செக்யூரிட்டிகிட்டச் சண்டை போட்டு மூணாவது ஆளா நுழைஞ்சுட்டா. டாக்டர் பொண்ணு கட்டில் பக்கத்துல நின்னு கேட்டா, "முன்னாடி மாத்திரை சாப்பிட்டிருக்கீங்களே, யாரு நிறுத்தச் சொன்னது?"

 ராயப்பன் மூக்குல மாட்டியிருந்த மாஸ்க்கை மெல்லத் தள்ளுனாரு.

"யாரும் சொல்லல டாக்டர். நானாத்தான் நிறுத்துனேன். டீச்சர் வேணாம் வேணாம்னுதான் சொன்னாங்க. நான் கேக்கல."

"எரும மாடே"ன்னா ஆனிமேரி. ஜெஸி மொகம் செவந்து போயி வெளிய எந்திரிச்சுப் போயிட்டா. எஸ்தர் கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. இல்ல டாக்டர், அவரு பொய் சொல்றாருன்னு சொல்ல அரை நிமிசம் ஆகாது. சொல்லல. அது மானமா, பயமா, வெக்கமா என்னத்தச் சொல்ல. எல்லாம் சேந்த ஒரு கண்றாவி.

மறுநாள் தனியா இருக்கிறப்ப அவரு கையைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா, "ஏங்க அப்படிச் சொன்னீங்க?"

"ஊரே உங்களை டீச்சர்ங்குது. மக முன்னாடி நீங்க ஃபெயிலாகக் கூடாதுல்ல."

"நான் ஜெஸிகிட்டச் சொல்லிருறேங்க."

"சொல்லிக்கலாம், சொல்லிக்கலாம். மொதல்ல வீட்டுக்குப் போவோம்."

வீட்டுக்குப் போகல. ஆப்பரேஷனுக்கு நாள் குறிச்சு வச்சிருந்தாங்க, அதுக்கு முன்னாடியே ஒரு விடியக்காலையில போயிட்டாரு.

அப்புறம் அந்த உண்மையைச் சொல்ல எஸ்தருக்கு எத்தனையோ நேரம் வாய்ச்சுது. முப்பதாம் நாள் பூசைக்கு ஜெஸி வந்திருந்தா, சொல்லல. கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன்னு போன்ல சொன்னப்ப, ஏண்டின்னு கேட்டா. "அந்த வீட்டுக்கு வந்தா அப்பா மேல கோவந்தாம்மா வருது. சாமி கும்புடக் கூட முடியல"ன்னா. அப்பவும் சொல்லல. சொன்னா இருக்கிற ஒத்தப் பிள்ளையும் போயிரும்னு பயம். செத்தவரு வசவு வாங்குனா அவருக்கு வலிக்கவா போகுதுன்னு மனசுக்கு ஒரு நொண்டிச் சமாதானம். ஆனா பூசைக்குப் போனா, இந்தப் பொய்யை மனசுல வச்சுக்கிட்டு நற்கருணை வாங்க எந்திரிக்க முடியல அவளால. காலு வலின்னு சொல்லிச் சமாளிச்சா.

இப்பத் தவக்காலம் வந்துருச்சு. எஸ்தர் இந்த வருசம் கமிட்டிப் பக்கமே போகல. அவ போகலேன்னா முகாம் நின்னுருமா? அதே குருத்து ஞாயித்துக்கு முந்துன வாரம், அதே மண்டபம். சாமியார் பூசையில, "நம்ம ராயப்பனை நெனச்சாவது எல்லாரும் வந்து ரத்தம் குடுங்க"ன்னு சொல்லவும், கூட்டம் அள்ளிருச்சு. அம்மாவை ஒரு எட்டுப் பாத்துட்டுப் போக ஜெஸியும் அன்னைக்கு வந்திருந்தா. சாயங்கால வண்டிக்கு டிக்கெட் எடுத்து வச்சுக்கிட்டுத்தான் வந்தா. தாயும் மகளும் வீட்டுல கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அப்பத்தான் ஸ்டீவ் வந்தான். அண்ணன் மாதிரியே ஒடம்பு, அண்ணன் மாதிரியே வாய், ஒருசந்தியும் அண்ணன் மாதிரியேதான். கையில இருந்த செல்லை நீட்டுனான்.

"மதினி, இதைப் பாருங்க. போன வருசம் அண்ணன் போனப்பப் பாத்தா எகிறிக் கெடந்துச்சு, இப்ப நார்மலு. அம்புட்டும் நார்மலு. இனி இந்த மாத்திரையை விட்டுறலாம்ல? தெனம் ராத்திரி முழுங்கி முழுங்கி வெறுத்துப் போச்சு."

ஜெஸி கரண்டியைத் தட்டுல போட்டா. "சித்தப்பா, கிறுக்குப் பிடிச்சிருக்கா உங்களுக்கு? அப்பா இப்படி நிறுத்தித்தான செத்தாரு."

"ஏய், உங்கப்பன் கதை வேற ஆத்தா. அவரு யாரு பேச்சையும் கேக்காம அவரு இஷ்டத்துக்கு நிறுத்துனாரு. நான் அப்படியா? பயாலஜி டீச்சரைக் கேட்டுக்கிட்டுத்தான நிறுத்தப் போறேன். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மதினி."

எஸ்தர் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழ வச்சா. 

"உங்க அண்ணனும் என்னையக் கேட்டுத்தான் நிறுத்துனாரு ஸ்டீவு."

ஸ்டீவுக்கு மொதல்ல புரியல. சிரிக்கிற மாதிரி வாயைத் தொறந்தவன் அப்படியே நிறுத்திட்டான். எஸ்தர் யார் மொகத்தையும் பாக்காம, தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா.

"அவரு நிறுத்த மாட்டேன்னாரு. டாக்டரைக் கேக்கணும்னாரு, பயமா இருக்குன்னாரு. நான்தான் விடல. இதே மண்டபத்துல, இதே மாதிரி நார்மலுன்னு வந்துச்சு. நீ இப்ப பாக்கிறது ஒருசந்தி ரத்தம்டா. மாத்திரையும் கஞ்சியும் சேந்து எறக்கி வச்ச ரத்தம். ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சுப் போயிக் குடு, உன் ரத்தம் என்னன்னு அப்பத் தெரியும். மாத்திரையை மட்டும் விட்டுறாத. விட்டா நீயும் போயிருவ. உன் கால்ல வேணா விழுகுறேன்."

"மதினி, என்ன இது"ன்னு பதறி எந்திரிச்சுட்டான் ஸ்டீவ். செல்லைச் சட்டைப் பையில போட்டான், எடுத்தான், திரும்பப் போட்டான். "விடல மதினி. மாத்திரையை விடல"ன்னு மட்டும் சொல்லிட்டு, ஜெஸியைப் பாக்கவும் மாட்டாம வெளிய போயி வண்டியை எடுத்தான்.

ஜெஸி அம்மா பக்கம் திரும்புனா. எஸ்தர் அவ வைவான்னு பாத்தா, கத்துவான்னு பாத்தா. வைதிருந்தா நல்லா இருந்திருக்கும்.

"ஆஸ்பத்திரியில அப்பா அப்படிச் சொன்னப்ப நீ பக்கத்துலதான நின்ன?"

"நின்னேன்."

"கல்லறையிலயும் என் பக்கத்துலதான் நின்ன."

"நின்னேன்."

"அத்தை அவரைப் பொணமா வச்சு வையிறப்ப நீ எங்கம்மா இருந்த?"

"அங்கதாண்டி இருந்தேன்."

ஜெஸிக்கு அப்பத்தான் அழுகை வந்துச்சு. இத்தனை மாசமா வராம அடைச்சு வச்ச அழுகை. அப்பா படம் மாட்டியிருந்த செவுத்துப் பக்கம் போயி நின்னு, நெத்தியைச் செவுத்துல முட்டிக்கிட்டு, "அப்பா, அப்பா"ன்னு குமுறி அழுதா. எஸ்தர் எந்திரிச்சுப் போயித் தோளைத் தொட்டா. தொட்ட கையை ஜெஸி தட்டி விடல, ஒதறல. கொஞ்ச நேரம் பொறுத்துத் தோளை மட்டும் மெல்ல நகட்டிக்கிட்டா.

நாலரை மணிக்கு ஆட்டோ வந்துச்சு. ஜெஸி மொகத்தைக் கழுவிட்டு வந்து பையைத் தோள்ல மாட்டுனா. எஸ்தர் கட்டி வச்சிருந்த சாப்பாட்டை எடுத்துக்கிட்டா, வேணாம்னு சொல்லல. வாசல் வரைக்கும் போனவ திரும்பி வந்து, அப்பா படத்துக்கு முன்னாடி நின்னு, "போயிட்டு வாரேம்ப்பா"ன்னா. அப்புறம் அம்மாவைத் தாண்டி நடந்துபோயி ஆட்டோவுல ஏறி உக்காந்தா.

எஸ்தர்கிட்ட வாரேன்னு சொல்லல.